பாதியில் ஓடாத வாசகர்கள்

"நூறு பேர் வாசிக்கத் தொடங்கினால் அறுபது பேர் பாதியிலை ஓடியிடுவினம். அதுதான் மனிசற்றை இயல்பு," என்றார் அருட்செல்வன். "ஒருத்தரும் ஓடாட்டில் அது மனிசரில்லை. மெசின்."

உதயகலா கதிரையில் இருக்கவில்லை. காலையிலிருந்தே அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணம் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அருட்செல்வனின் சின்ன அலுவலகத்தில், யன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்து கிடந்தது. வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு வருடம் ஒரு காப்புறுதிக் கொம்பனியில், பொய்யாகக் கால் முறிந்தவர்களைப் பிடிப்பதுதான் அவளுடைய வேலை. அது அலுத்துப்போய் இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறாள். உதவிக்கு நஸீர். புத்தளத்தில் பிறந்து, பெற்றோர் விட்டுப்போன யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தவன். ஓட்டோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், அதற்கு வாடகை கிடையாது.

அருட்செல்வன் நடத்துவது 'ஒழுங்கை' என்ற இணையத்தளம். அதில் யாரும் எழுதலாம். மாதக் கடைசியில், அந்த மாதம் உண்மையாகவே அதிகம் வாசிக்கப்பட்ட பதிவு எது என்று பார்த்து, எழுதியவருக்கு ஒரு வருடத்துக்கு வாரப் பக்கம் கொடுப்பார். 'உண்மையாகவே' என்ற இடத்தில்தான் அவருடைய தலையிடி. மச்சானைக் கொண்டும் மருமகனைக் கொண்டும் பதிவுக்குக் கீழே விருப்பக் குறியாக இதயம் குத்துவிக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் அவர் இதயத்தை எண்ணுவதை விட்டுவிட்டு விரலை அளக்கத் தொடங்கினார். திரையில் விரல் எவ்வளவு வேகமாக நகர்கிறது, எங்கே நிற்கிறது, கடைசி வரிக்குப் போய்ச் சேருகிறதா என்பதெல்லாம் அவருடைய கணினிக்குத் தெரியும்.

இந்த மாதம் முதலாவதாக வந்து நிற்பது உரும்பிராயில் சட்டை தைக்கும் கேதீஸ்வரி என்ற பெண், இறந்துபோன தன் தகப்பனைப் பற்றி எழுதிய 'நல்லவரில்லை'. தை மாதம் போட்ட பதிவு. ஐந்து மாதம் யாரும் சீண்டவில்லை. திடீரென்று இந்த மாதம் இருநூற்று நாற்பத்துநாலு பேர்.

"ஏழு நாள், ஏழு ஊர்," என்றார் அருட்செல்வன். "எல்லாம் பகல் பதினொண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையிலை. ஒவ்வொரு நாளும் ஒரே வீட்டுக்குள்ளை முப்பது, நாப்பது போன். எல்லாரும் கடைசி வரி வரைக்கும் போகினம். ஒரு இதயம் இல்லை. ஆரோ போனுகளை அடுக்கி வச்சு மெசினாலை தள்ளுறாங்கள்."

"ஊர் ஊராக் கொண்டுபோயோ?" என்றான் நஸீர். "நாப்பது போனை ஏத்தி இறக்க ஒரு ஓட்டோ பிடிக்கத்தானே வேணும். எனக்கு அந்த ஹயர் வரேல்லையே."

"ஐஞ்சு மணிக்கு முடிவு போடோணும். ஒண்டில் முதலிடம், இல்லாட்டில் கள்ள வாசிப்பு எண்டு சிவப்பு முத்திரை. அந்தப் பிள்ளை காலமை போன் எடுத்து அழுறா. முடிவோடைதான் எழுதினவையின்ரை பேர் வெளியிலை வரும்; முத்திரை விழுந்தால் தைக்கக் குடுக்கிற சனமும் சிரிக்குமாம். நான் என்ன செய்ய? உங்களிட்டைத் தாறன், நீங்கள் சொல்லுறதைப் போடுறன்."

சுவர் மணிக்கூட்டில் ஒன்று நாற்பது.

உதயகலா நடையை நிறுத்தினாள். "ஒரேயொரு பின்னூட்டம் கிடக்கு எண்டியளே. வாசியுங்கோ பாப்பம்."

"உதுவும் மெசின் போட்டதாத்தான் இருக்கும்." அவர் வாசித்தார். "'ஆழ்ந்த அனுதாபங்கள் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்தனான், உன்னைக் காணக் கிடைக்கேல்லை. பத்மாவதி ரீச்சர், கொக்குவில்.'"

"கேதீஸ்வரியின்ரை தகப்பன் எப்ப காலமானவர்?"

"போன வருசம் கார்த்திகை எண்டு சொன்னவ."

"அப்ப இந்த ஞாயிறு ரீச்சர் எந்த வீட்டுக்குப் போனவ?"

அருட்செல்வன் திரையைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார்.

"அனுதாபம் தபாலிலை வந்திருக்கும் அண்ணை," என்றான் நஸீர், ஓட்டோத் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டே. "வாங்கோ அக்கா. மெசினுக்கு ரீச்சர் பட்டம் எப்ப கிடைச்சதெண்டு கேட்டுக்கொண்டு வருவம்."

கொக்குவிலில் புகையிரதக் கடவை பூட்டியிருந்தது. ரெயில் வருகிற சிலமன் இல்லை. உதயகலா ஓட்டோவுக்குள் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கள் ஆட்டுற ஆட்டுக்கு வண்டி தானாப் போகும் போலை கிடக்கு. என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை."

"உந்தப் பதிவை வாசிச்ச நேரம் தொட்டு இப்பிடித்தான் இருக்கிறியள்."

பதிவு ஒரு பக்கம்தான். அதில் ஊர் இல்லை, தகப்பனின் பெயரோ எழுதியவரின் பெயரோ இல்லை. 'எங்கடை ஐயா நல்லவரில்லை. செத்த பிறகு எல்லாருமாச் சேர்ந்து அவரை நல்லவராக்கிப் போட்டினம்' என்று தொடங்கும். சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுப்படும் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தை எடுத்து விரிப்பார்கள். அவர் தனியே இருந்துதான் சாப்பிடுவார். கோபத்தில் ஒருநாள் அறைக் கதவை உதைத்து உடைத்தார், உள்ளே இருந்தது எழுதியவள். அதற்குப் பிறகு நாலு வருடம், அவர் கண்ணை மூடும்வரை, அவள் அவரோடு கதைக்கவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'இப்ப கதைக்கலாம் எண்டு நினைக்கிறன், ஆளில்லை.'

கடவை திறந்தது.

பத்மாவதி ரீச்சரின் மதில் உயரம், கேற் அதைவிட உயரம், நாய் மட்டும் சின்னது. ரீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி இருவரையும் அளந்தார்.

"ஓம், அந்த அனுதாபம் நான்தான் எழுதினனான். அதிலை என்ன குற்றம்? பக்கத்து வீட்டு இராசநாயகத்தார் செத்து முப்பத்தொண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போனனான். அவற்றை கடைசிப் பெட்டை கோபிகா கனடாவிலை. செத்தவீட்டுக்கும் வரேல்லை, முப்பத்தொண்டுக்கும் வரேல்லை. வராட்டிலும் எழுதியிருக்கிறாள் பாருங்கோ, அதுதான் அவளுக்கு ரெண்டு வரி போட்டனான்."

"கோபிகாதான் எழுதினவ எண்டு எப்பிடித் தெரியும் ரீச்சர்?"

"கல்வெட்டிலை கிடந்ததே. அந்த வீட்டிலை உப்பிடி எழுதத் துணிவுள்ளது அவள் மட்டுந்தான்."

அவர் உள்ளே போய் ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் புத்தகம். இறந்தவரின் படம், வம்ச வரலாறு, மனைவி மக்கள் மருமக்கள் புலம்பல் எல்லாம் செய்யுளாக இருக்கும். எந்தக் கல்வெட்டிலும் இறந்தவர் நல்லவர்தான். இராசநாயகத்தாரும் முன்னட்டையில் பூமாலைக்குள் நல்லவராகவே இருந்தார். உதயகலா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'எங்கள் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி' என்ற வரிக்குக் கீழே, தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். போனை அதற்கு நேரே பிடித்தால் பதிவு திறக்கும்.

நஸீர் பிடித்துப் பார்த்தான். 'எங்கடை ஐயா நல்லவரில்லை.'

"சாப்பாட்டுக்கு இலை போடச் சுணங்கினது," என்றார் ரீச்சர். "முன்னாலை இருந்த பெடியன் ஒருத்தன் போனைப் பிடிச்சான். பிறகு பக்கத்திலை இருந்தவன். பேந்து எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராமை வாசிச்சம். எனக்கும் பேத்தி பிடிச்சுத் தந்தாள்."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"செத்தவீட்டிலை என்னெண்டு சொல்லுறது? மூத்த மகன் நேரை எதிரிலை இருக்கிறான். அவன்ரை கையிலையும் போன்."

"பாதியிலை மூடிவைக்கலாமே."

"நல்லாக் கேட்டியள் போங்கோ. நான் மட்டும் மூடினால், பக்கத்திலை இருக்கிறவள் நான் ஏதோ முகத்தைச் சுழிச்சிட்டனெண்டு ஊர் முழுக்கச் சொல்லமாட்டாளோ?"

நஸீர் உதயகலாவின் காதருகே குனிந்தான். "ஓடாத வாசகர் ஆரெண்டு விளங்கீட்டுது. இதயம் குத்தாத காரணமும் விளங்கீட்டுது. முப்பத்தொண்டிலை போய் ஆர் இதயம் குத்துவினம்?"

உதயகலாவுக்கு வேறொன்று உறுத்தியது. "ரீச்சர், எழுதிக் கிடக்கிறது இராசநாயகத்தாரைப் பற்றித்தான் எண்டு உங்களுக்குச் சந்தேகமே வரேல்லையோ?"

"என்னத்துக்குச் சந்தேகம்? அச்சொட்டா அந்த மனிசன்தான். அவற்றை சைக்கிள் ஸ்ராண்ட் சத்தம் கேட்டால் அந்த வீட்டு ரேடியோவே வாயை மூடும்."

"கதவு உடைச்சவரோ?"

"கதவுக் கதை எனக்குத் தெரியாது. ஆனால் உடைச்சிருப்பார்."

கேற்றுக்கு வெளியே வந்ததும் நஸீர் ஓட்டோவில் ஏறாமல் நின்றான். "எங்கடை வாப்பாக்குச் சைக்கிள் இல்லை. லொறி. முடக்கிலை ஹோன் கேட்டால் நாங்கள் அஞ்சு பேரும் ஓதத் தொடங்கியிடுவம். உம்மா கேப்பா, இண்டைக்கு என்ன இவ்வளவு பக்தியெண்டு."

அவன் சிரித்தான். உதயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அந்தப் பதிவை வாசித்தபோது அவளுடைய காதில் கேட்டது வேறொரு சைக்கிள் ஸ்ராண்டின் சத்தம். அவளுடைய ஐயா இறந்து ஒன்பது வருடம். உடம்பு ஓரிடத்தில் தரிக்காததற்குக் காரணம் வெயில் இல்லை.

ஏழு வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. ஏழு வீட்டுப் பிள்ளைகளும், தங்களில் ஒருவர்தான் எழுதியது என்று நினைத்து, ஒருவரை ஒருவர் கேளாமல் இருந்திருப்பார்கள்.

"கல்வெட்டிலை அச்சகத்தின்ரை பேர் கிடக்கும். பாரும்."

"மருதனார்மடம்," என்றான் நஸீர். "சந்தைக்குப் பக்கத்திலை. இறுக்கிப் பிடியுங்கோ."

மருதனார்மடம் சந்தியில் மரக்கறி லொறிகள் தெருவை அடைத்து நின்றன. அவற்றுக்கு நடுவே நஸீர் ஓட்டோவைச் செருகிய விதத்தில் ஒரு பூசணிக்காய் வியாபாரி அவனுடைய வம்சம் முழுவதையும் விசாரித்தார். நஸீர் நின்று நலம் சொல்லவில்லை. நேரம் மூன்று பத்து.

அச்சகக்காரர் கோபிசங்கர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். உதயகலா எடுத்துக் கொடுத்தாள். அதனால் அவர் உண்மையைச் சொல்லும் மனநிலைக்கு வந்தார்.

"தங்கச்சி, கல்வெட்டு எண்டுறது அவசர வேலை. நாலு நாளிலை குடுக்கோணும். ஒவ்வொண்டையும் புதிசா அடிக்க ஏலாது. பழையதொண்டை எடுத்து, படத்தை மாத்துறது, பேரை மாத்துறது, பாட்டை மாத்துறது. கடைசிப் பக்கம் நன்றி. அது எல்லாருக்கும் ஒண்டுதான், அதிலை கைவைக்கிறேல்லை."

"அதுக்குக் கீழை கிடக்கிற கட்டம்?"

அவர் கல்வெட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு தூரப் பிடித்தார். "இது எப்பிடி இங்கை வந்தது?"

"உங்களைத்தான் கேக்கிறன்."

கோபிசங்கர் நெற்றியைத் தடவினார். "போன மாதக் கடைசியிலை கொம்பியூட்டர் படுத்திட்டுது. வழக்கமா எடுக்கிறது அதோடை அழிஞ்சு போட்டுது. பழைய பெட்டிக்குள்ளை தேடி, போன மார்கழியிலை அடிச்ச ஒண்டைத்தான் எடுத்தனான். இந்த மாதம் முழுக்க அதிலைதான் ஓடினது. ஏழு கல்வெட்டு." அவர் நிறுத்தினார். "ஒருத்தரும் வந்து முறைப்பாடு சொல்லேல்லையே. எழுத்துப்பிழை ஒண்டெண்டால் வீட்டு வாசலிலை வந்து நிப்பினம்."

"மார்கழியிலை அடிச்சது ஆற்றை கல்வெட்டு?"

அவர் அலுமாரியில் இருந்த மாதிரிப் பிரதிகளைக் கிளறினார். உரும்பிராய் அமரர் சிற்றம்பலம். முதற்பக்கத்தில் மகன்மார் பாடியிருந்தார்கள், பசுவின் குணத்தவரே, பாலனைய மனத்தவரே என்று. கடைசிப் பக்கத்தில் நன்றி. நன்றிக்குக் கீழே கட்டம்.

"மகள் தனிய வந்தவ," என்றார் கோபிசங்கர். "அண்ணைமார் பாட்டுக் குடுத்திட்டுப் போன பிறகு. சின்னனாப் போடுங்கோ, ஆருக்கும் சொல்லாதேங்கோ எண்டவ. நான் ஏதோ நன்றிக் கடிதமாக்கும் எண்டு திறந்தும் பாக்கேல்லை."

"சந்தியிலை நான் கேட்ட ஏச்சுத்தான் இண்டைக்குப் பெரிசெண்டு நினைச்சன்," என்றான் நஸீர். "அண்ணை, அந்த ஏழு வீட்டுக்காரரும் ஒருநாளைக்கு ஒண்டாச் சந்திச்சால், நீங்கள் புத்தளத்துக்கு வாங்கோ. இடம் நான் பாத்துத் தாறன்."

உதயகலா வெளியே வந்து அருட்செல்வனுக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் நாலு வசனத்தில் சொன்னாள்.

"சரி, மெசின் இல்லை," என்றார் அருட்செல்வன். "ஆனால் செத்தவீட்டிலை இருந்து மரியாதைக்கு வாசிக்கிறது ஒரு வாசிப்பே? கட்டிவச்சு வாசிப்பிச்ச மாதிரித்தானே."

"ஞாயந்தான். அப்ப அந்த இருநூத்தி நாப்பத்துநாலையும் எடுத்து எறியுங்கோ."

"எறிஞ்சால் ஒண்டும் மிஞ்சாதே."

"அந்தப் போனுகளிலை எத்தினை, பேந்தொருநாள், வேறை இடத்திலை, தனியத் திறந்ததெண்டு பாருங்கோ. செத்தவீட்டிலை பக்கத்திலை இருக்கிறவைக்காக வாசிச்சிருப்பினம். அடுத்த கிழமை தன்ரை கட்டிலிலை இருந்து வாசிச்சால் ஆருக்காக வாசிக்கிறது?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. உதயகலா தெருவோரத்தில் நாலடி போய் நாலடி திரும்பினாள். நஸீர் அவளுக்குப் பின்னால் நடந்து நடந்து களைத்து, ஓட்டோவில் சாய்ந்துகொண்டான்.

"தொண்ணூத்திரண்டு," என்றார் அருட்செல்வன். அவருடைய குரல் மாறியிருந்தது. "சிலபேர் நாலு தரம் திறந்திருக்கினம்."

"இரண்டாமிடத்திலை இருக்கிற பதிவுக்கும் அதே அளவைப் போடுங்கோ."

"அது அரசியல் அலசல். அறுநூறு இதயம்." மீண்டும் தட்டும் சத்தம். "திரும்பி வந்தது ஏழு பேர். அதிலை ஒண்டு எழுதினவர்."

"அப்ப முதலிடம் ஆருக்கு?"

"கேதீஸ்வரிக்குத்தான். ஆனால் உதயகலா, சந்தேகம் எண்டு நானே மூண்டு நாளுக்கு முதல் தளத்திலை எழுதிப்போட்டன். இப்ப சும்மா சரியெண்டு சொன்னால் என்னைத்தான் கள்ளனெண்டுவினம். அந்த மார்கழிக் கல்வெட்டைப் படம் பிடிச்சுப் போடோணும். தகப்பன்ரை பேரோடை, பதிவோடை. அந்தப் பிள்ளையைக் கேட்டுச் சொல்லுங்கோ."

நேரம் மூன்று ஐம்பது. உரும்பிராய்க்குப் போகும் தெரு முழுவதும் உதயகலா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நஸீரும் கதைக்கவில்லை. அது ஒரு சாதனை.

கேதீஸ்வரி தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். முன்னால் பாடசாலைச் சீருடைகள் மலையாகக் கிடந்தன. உதயகலா சிற்றம்பலத்தின் கல்வெட்டை அந்த மலையின் உச்சியில் வைத்தவுடன் மெசின் நின்றது.

"அண்ணைமாருக்குத் தெரியுமோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"தெரியாது. இன்னும்."

"பாட்டு எழுதேக்கை என்னையும் கேட்டவை. நானும் ஓமெண்டனான். பசுவின் குணமாம்." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "உண்மையா ஒரு வரியாவது அதிலை கிடக்கட்டும் எண்டுதான் கட்டம் போட்டனான். முப்பத்தொண்டுக்கு முதல்நாள் பயம் வந்திட்டுது. பதிவை மூடிவச்சிட்டன். அண்டைக்குப் பிடிச்சுப் பாத்த ஆக்களுக்கு ஒண்டும் திறக்கேல்லை. தையிலை, எல்லாரும் கல்வெட்டை எறிஞ்சிருப்பினம் எண்டு நினைச்சுத்தான் பதிவைத் திறந்து விட்டனான்."

உதயகலா ஏழு வீட்டுக் கதையையும் சொன்னாள். கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஏழு வீட்டிலையும் தங்கடை ஐயாவெண்டோ?" என்றாள்.

"எட்டு எண்டு வையுங்கோ," என்றாள் உதயகலா.

நஸீர் அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஒம்பது," என்றான் மெல்ல.

முதலிடம் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு ஐயாவின் பெயர் வெளியில் வரும். வேண்டாமென்றால் சிவப்பு முத்திரை. உதயகலா இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள். கேதீஸ்வரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து போனை எடுத்தாள். "ஆரும் சொல்லி அண்ணை அறியக்கூடாது."

மூத்த தமையன் செந்தூரன் சாவகச்சேரியில் இரும்புக் கடை வைத்திருந்தார். கேதீஸ்வரி போனை மெசின் மேலேயே வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணை, ஐயாவைப் பற்றி நான் ஒண்டு எழுதினனான். இண்டைக்கு அது பேரோடை வெளியிலை வரப்போகுது. அதுதான்..."

மறுமுனையில் இரும்பு அரியும் சத்தம். அது நின்றது.

"வாசிச்சனான்," என்றார் செந்தூரன்.

"எங்கை?"

"போன கிழமை மீசாலையிலை ஒரு முப்பத்தொண்டு. எல்லாரும் போனைப் பிடிச்சினம், நானும் பிடிச்சன். இந்த வீட்டிலை ஆரோ துணிஞ்ச ஒரு பிள்ளை இருக்குதெண்டு நினைச்சுக்கொண்டு வாசிச்சன். கதவு வரேக்கைதான் எங்கடை வீடெண்டு விளங்கினது."

"கோவமோ அண்ணை?"

"நல்லவரில்லைத்தானே. நான் வாங்கின அடி உனக்குத் தெரியும்." ஒரு மூச்சு. "ஆனால் கதவு பிழை."

"என்ன பிழை?"

"அதை உடைச்சது ஐயா இல்லை. நான்."

தையல் மெசினின் சில்லு காற்றில் மெல்ல அசைந்தது. கேதீஸ்வரி அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த நேரம். குடிச்சிட்டு வந்தனான். நீ அறையைப் பூட்டிக்கொண்டு திறக்கேல்லை எண்டு உதைச்சனான். கதவு விழுந்தவுடனை பயந்து பின்பக்கத்தாலை ஓடிட்டன். நீ வெளியிலை வரேக்கை ஐயா கதவைத் தூக்கி நிமித்திக்கொண்டு நிண்டிருப்பார்."

"நிண்டவர்," என்றாள் கேதீஸ்வரி. "நான் ஏசினனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை."

"குடிச்சிட்டுக் கதவை உடைக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம் எண்டு என்னைக் கேட்டவர். தான் கோவக்காரன் எண்டு ஊருக்கே தெரியுமாம், இதையும் தன்ரை தலையிலை போட்டால் என்னவாம். நீ நாலு வருசம் கதையாமை இருந்தாய். நான் சொல்லியிருக்கலாம். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..." அவர் முடிக்கவில்லை. "பேரைப் போடு தங்கச்சி. கதவைத் திருத்திப் போட்டுப் போடு. என்ரை பேரையும் போடு."

அழைப்பு நின்ற பிறகும் யாரும் அசையவில்லை. உதயகலாகூட அசையவில்லை.

கேதீஸ்வரி அழுவாள் என்று நஸீர் எதிர்பார்த்தான். அவள் பதிவைத் திறந்து, திருத்தும் பொத்தானைத் தொட்டாள். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. வாசிக்கப்பட்ட பதிவை மாற்றினால் இந்த மாத எண்ணிக்கை முழுவதும் நீங்கும், சம்மதமா?

"ஒரு பதிவைக் காட்டிச் சனத்தைச் சேத்துப்போட்டுப் பிறகு வேறொண்டை வைக்கிற ஆக்களுக்காகப் போட்ட பூட்டு," என்றாள் உதயகலா.

நஸீர் மணிக்கூட்டைப் பார்த்தான். "நாலு நாப்பத்தொண்டு. அக்கா, பத்தொன்பது நிமிசம் பொறுங்கோ. ஐஞ்சு மணிக்கு அவர் முடிவைப் போடட்டும். அஞ்சு ஒண்டுக்குத் திருத்துங்கோ. உங்கடை பக்கம் உங்களுக்கு, உங்கடை ஐயா உங்களுக்கு."

"ஐஞ்சு மணிக்கு அவர் என்னத்தைப் போடப்போறார்?" என்றாள் கேதீஸ்வரி. "உந்தப் பதிவைத்தானே. சிற்றம்பலம் எண்டு பேர் போட்டு, அவர் கதவை உடைச்சவரெண்டு. எல்லாரும் வாசிப்பினம். கடைசி வரி வரைக்கும் வாசிப்பினம்."

நஸீர் ஓட்டோத் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

அவள் சம்மதம் என்ற இடத்தைத் தொட்டாள். பதிவின் தலையில் இருந்த எண் ஒருமுறை மங்கிப் பூச்சியமாக வந்து நின்றது. கேதீஸ்வரி அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கதவு வரும் பந்தியை அழித்தாள். ஒரு வரி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். சீருடைத் துணி ஒன்று மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு உதயகலாவின் போன் அடித்தது.

"என்ன நடந்தது?" என்றார் அருட்செல்வன். "முதலிடம் போடக் கையை வைக்கிறன், எண்ணிக்கை பூச்சியம். இப்ப உண்மையாவே மெசின் ஏதும் பூந்திட்டுதோ?"

"இல்லை. கள்ள வாசிப்பும் இல்லை, முத்திரையும் வேண்டாம். அச்சகப் பிழை எண்டு ஒரு வரி போடுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

"அப்ப வாரப் பக்கம்?"

உதயகலா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். திரை நிறைந்து, கீழே புதிதாக இடம் திறந்துகொண்டிருந்தது.

"வேறை ஆருக்கும் குடுங்கோ," என்றாள் உதயகலா. "இவ இன்னும் எழுதி முடிக்கேல்லை."